மருதானைச் சிக்னலில் ரயில் ஏன் நிற்கிறது?

வவுனியாவிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ராகமயில் அறை எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். காலை ஒபிஸ் ரயில் களனி ஆற்றுப் பாலம் வரை ஒழுங்காக ஓடி வருகிறது. பாலத்தைத் தாண்டியதும் தெமட்டகொடையில் ஒரு தரம் நிற்கிறது, மருதானைக்கு முன்னால் ஒரு தரம், மருதானைக்கும் கோட்டைக்கும் நடுவில் இன்னொரு தரம். கடைசி ஐந்தாறு கிலோமீட்டருக்குத்தான் அதிக நேரம் போகிறது. டிரைவர் வேண்டுமென்று செய்கிறாரா, அல்லது ஆள் பற்றாக்குறையா? கூடவே இன்னொரு சந்தேகம்: புறக்கோட்டையில் இருக்கும் ஸ்டேசனுக்கு ஏன் கோட்டை என்று பெயர்?

நான் ஹுணுப்பிட்டியில் ஏறிக் கோட்டையில் இறங்கி முப்பது வருடம் வேலைக்குப் போய் வந்தவன். என் மாமா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அவர் சொல்லிக் கேட்டதும் நானே நின்று பார்த்ததுமாகச் சொல்கிறேன். டிரைவரைத் திட்டாதீர்கள், அவரும் உங்களைப் போலவே அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கொழும்புக் கோட்டை உண்மையாகவே மதிலும் அகழியுமாக இருந்த ஒன்று. அதற்கு வெளியே இருந்த ஊர் புறக்கோட்டை. தமிழ்ப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, பாருங்கள். ஆங்கிலேயர் 1870 அளவில் மதில்களை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மதில் போய்ப் பெயர் மட்டும் நின்றது. வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் அரசாங்கக் கந்தோர்களும் இருந்த அந்தப் பகுதிக்குப் போகிறவர்கள் இறங்குவதற்கான நிலையம் என்பதால் ஸ்டேசனுக்குக் கோட்டை என்று பெயர். ஆனால் கட்டடம் நிற்பது புறக்கோட்டை மண்ணில். வாசலில் இறங்கியதும் உங்களை வரவேற்பது பஸ் கொண்டக்டர்களின் சத்தமும் நடைபாதைக் கடைகளும்தான். முன்பு பக்கத்திலேயே மெனிங் சந்தையும் இருந்தது. காலையில் ரயிலை விட்டு இறங்கினால் வெங்காய மணமும் அழுகின கோவா மணமும் சேர்ந்து வரும். 2020இல் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றிவிட்டார்கள்.

வாசலில் நிற்கும் தாடிக்காரர் சிலையை நிறையப் பேர் யாரோ வெள்ளைக்காரக் கவர்னர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட். அமெரிக்கர், 1880இல் இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலைகள் உருவாகக் காரணமாக இருந்தவர். முன்னால் போகும் வீதிக்கும் அவர் பெயர்தான். ரயிலோடு அவருக்கு ஒரு தொடர்பும் கிடையாது. அவர் இறந்தது 1907இல், சென்னை அடையாறில்.

சரி, சிக்னலுக்கு வருவோம். அதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவை. இந்த நிலையம் உங்களையும் என்னையும் நினைத்துக் கட்டப்பட்டதில்லை. கோப்பி மூட்டைகளை நினைத்துத் தொடங்கிய காரியம் இது.

மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் மூட்டைகளை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்குவது பெரும் பாடாக இருந்தது. தோட்டத்துரைமாரின் நெருக்குதலில் 1845இல் ஒரு ரயில் கம்பனி உருவானது. 1858இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். ஆனால் மதிப்பிட்ட செலவு ஒன்று, உண்மையில் ஆகக்கூடிய செலவு வேறொன்று என்று தெரியவந்தபோது கம்பனியின் கதை முடிந்தது. அரசாங்கமே பொறுப்பெடுத்து, கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த் என்ற பொறியியலாளரை வைத்து வேலையை நடத்தியது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டருக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் கோப்பிச் செடியை நோய் தின்று தீர்த்துவிட்டது, அதே தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

அந்த நாட்களில் கொழும்பின் கடைசி நிலையம் கோட்டை இல்லை. மருதானைப் பக்கம் ‘கொழும்பு டெர்மினஸ்’ என்ற கட்டடம்தான் முடிவிடம். அது இன்னும் நிற்கிறது, பல வருடங்களுக்கு முன் அதை ரயில்வே அருங்காட்சியகமாகவும் வைத்திருந்தார்கள். அதாவது உங்கள் ரயில் இன்றைக்கு முக்கி முனகுகிற அந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் பாதையே முடிந்தது. அதற்கு மேற்கே பேரே வாவியும் கோட்டையும் துறைமுகமும்.

பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. 1875இல் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு கட்டத் தொடங்கினார்கள். அது முடிந்தபோது, அதுவரை பெரிய துறைமுகமாக இருந்த காலி பின்னுக்குப் போய்க் கொழும்பு முன்னுக்கு வந்தது. ரயில்களும் துறைமுகத்தை நோக்கி நகர வேண்டியதாயிற்று. மற்றப் பக்கத்தில் கரையோரப் பாதை 1870களில் மொறட்டுவை, பாணந்துறை என்று நீண்டு, 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் தொட்டது. மலையிலிருந்து வரும் பாதையும் கடலோரமாகத் தெற்கே போகும் பாதையும் வாவிக்கும் சந்தைக்கும் நடுவிலிருந்த ஒடுக்கமான நிலத்தில் சந்தித்தன. கோட்டை நிலையம் இருப்பது அந்தச் சந்திப்பில். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1917இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் சாயலில் கட்டியது என்று சொல்வது வழக்கம். முகப்பைப் பார்த்தால் பாதைகள் எல்லாம் அங்கே வந்து முடிவதுபோலத் தோன்றும். அது முகப்பு செய்யும் மாயம். பாதைகள் முகப்புக்குச் சமாந்தரமாக ஓடி, ஒரு பக்கம் மருதானைக்கும் மறுபக்கம் கொம்பனித்தெருவுக்கும் போகின்றன. கோட்டை ஒரு முடிவிடம் இல்லை, நடுவழி.

மாத்தறைக்குப் பாதை போன பிறகு வந்த முப்பதுசொச்சம் வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவிசாவளைப் பக்கம் போகும் களனிவெளி ஒடுக்கப் பாதை 1900களின் தொடக்கத்தில் வந்தது. 1905இல் காங்கேசன்துறை வரை வடக்குப் பாதை முழுமையானது. 1914இல் தலைமன்னார். 1924இல் பதுளை. 1920களின் கடைசிக்குள் புத்தளம், மட்டக்களப்பு, திருகோணமலை. நீங்கள் வவுனியாக்காரர், குளமும் மதகும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆறேழு வாய்க்கால் தண்ணீரை ஒரே மதகுக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றும் பொல்கஹவெலவில் ஒன்றாகி வருகின்றன. ராகமயில் புத்தளப் பாதை சேருகிறது. மருதானையில் களனிவெளி சேருகிறது. எல்லாம் சேர்ந்து கோட்டைக்குள் நுழைகின்றன. மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். அங்கே பல தண்டவாளங்கள் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் கோட்டையைத் தாண்டிக் கரையோரம் போவதற்கு இருப்பது இரண்டே இரண்டு, போக ஒன்று, வர ஒன்று.

இதில் தமிழருக்கென்று ஒரு துண்டுக் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1914க்கு முன்பு தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தலைமன்னார்ப் பாதை போட்ட பிறகு ‘போட் மெயில்’ வந்தது. கோட்டையில் இரவு ஏறினால் விடியத் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அங்கே காத்திருக்கும் ரயிலில் சென்னை எழும்பூர். கொழும்பில் எடுத்த ஒரே டிக்கட்டோடு சென்னையில் இறங்கலாம். நகைக்கடைக்காரர், புடவைக்கடைக்காரர், மலையகத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் கோட்டை ஸ்டேசன்தான் இந்தியாவின் வாசல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிச் சில காலம் ஓடி, போர் தொடங்கியதும் 1980களில் நின்றுபோனது.

யாழ்ப்பாணத்தாருக்கு இரவு மெயிலும் யாழ்தேவியும். கொழும்பில் கிளார்க் வேலை, மனைவி பிள்ளைகள் ஊரில். வெள்ளி இரவு கோட்டையில் ஏறி ஞாயிறு இரவு திரும்ப ஏறும் ஆட்கள் ஒரு காலத்தில் எத்தனை பேர்! யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் நின்றது. மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போனது 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி. இருபத்துநாலு வருடம் கோட்டை அறிவிப்பில் யாழ்ப்பாணம் என்ற சொல் ஒலிக்கவில்லை. என் மாமா அந்த அறிவிப்பைத் திரும்பக் கேட்காமலே போய்விட்டார்.

இனி ஓட்டத்தைப் பார்ப்போம், உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

உங்கள் ராகம ரயில் கோட்டையில் முடிகிறதா? பெரும்பாலான ஒபிஸ் ரயில்கள் முடிவதில்லை. கம்பஹாவிலிருந்தோ றம்புக்கனையிலிருந்தோ வருவது கோட்டையில் ஆட்களை இறக்கிவிட்டு மொறட்டுவைக்கோ பாணந்துறைக்கோ அளுத்கமவுக்கோ போய்விடும். அங்கிருந்து வருவது இந்தப் பக்கம் போகும். இது சோம்பல் இல்லை, சாமர்த்தியம். கோட்டையில் ஒவ்வொரு ரயிலையும் முடித்தால் அதைத் திருப்ப வேண்டும், திருப்ப நேரம் வேண்டும், அவ்வளவு நேரமும் ஒரு மேடை அடைபட்டுக் கிடக்கும். நேரே விட்டுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் மேடை காலி.

இதை நான் ஒரு முறை நேரடியாகவே படித்தேன். முதல்நாள் இரவு முழுவதும் கல்யாண வீட்டில் விழித்திருந்துவிட்டு, ஹுணுப்பிட்டியில் ஏறி மூலையில் இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல். ஒரு கணம் எந்த ஊர், எந்த உலகம் என்றே புரியவில்லை. தெஹிவளையில் இறங்கித் திரும்பி வந்து ஒபிஸில் அசடு வழிந்தேன். முடிவிடமாக இருந்தால் யாராவது தட்டி எழுப்பியிருப்பார்கள்.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டு. பாணந்துறையில் பிந்திய ரயில் கம்பஹாவுக்கும் பிந்தியே போகும். வெள்ளவத்தையில் ரயில்வே கேட்டுக்குள் ஒரு முச்சக்கரவண்டி மாட்டிக்கொண்டால் அதன் பலனை ராகமயில் நிற்கிறவர் அனுபவிப்பார். கரையோரப் பாதையில் கொள்ளுப்பிட்டி தொடங்கிக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் எத்தனை, அத்தனையிலும் கடவை.

தூர ரயில்கள் வேறு ரகம். பதுளை, மட்டக்களப்புப் பக்கம் போகிறவற்றில் பல எஞ்சின் இழுத்து வருபவை. கோட்டைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்ற வேண்டும், வெறும் பெட்டிகளை யார்டுக்கு இழுத்துப்போக வேண்டும், கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். எஞ்சின் தெமட்டகொடை ஷெட்டுக்குப் போகும். மாலையில் திரும்பப் புறப்படுவதற்கு இதெல்லாம் மறுபடி நேர்மாறாக நடக்கும். பயணிகள் கணக்கில் இவை ஓட்டமே இல்லை, வெறும் பெட்டிதானே. ஆனால் தண்டவாளத்துக்கு வெறும் பெட்டியும் ஆள் நிறைந்த பெட்டியும் ஒன்றுதான். நீங்கள் தெமட்டகொடையில் நிற்கும்போது பக்கத்துப் பாதையில் ஆளில்லாத பெட்டிகள் மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு வழிவிடத்தான் பல நாள் நீங்கள் நிற்கிறீர்கள். ‘பவர் செட்’ என்று நாம் சொல்லும் ரயில்களில் இரண்டு நுனியிலும் டிரைவர் அறை இருப்பதால் இந்தக் கழற்றிப் பூட்டும் வேலை இல்லை. அதனால்தான் ஒபிஸ் நேரத்து ஓட்டத்துக்கு அவற்றை அதிகம் பாவிக்கிறார்கள்.

இரவு மெயில்களையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணம், பதுளை, திருகோணமலை, மட்டக்களப்பு மெயில்கள் விடியுமுன் கோட்டைக்கு வந்துசேர வேண்டியவை. வந்துவிட்டால் பிரச்சினையில்லை. ஆனால் பொல்கஹவெலவுக்கு அப்பால் வடக்குப் பாதை தனிப்பாதை, எதிர்வரும் ரயிலுக்காக ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒன்று பிந்தினால் எதிரே வருவதும் பிந்தும். வழியில் யானையோ மாடோ குறுக்கிட்டால் கேட்கவே வேண்டாம். இப்படி ஒன்றரை மணித்தியாலம் பிந்திய மெயில் சரியாக ஏழரைக்கு ராகமயைத் தாண்டும், உங்கள் ரயிலுக்கு முன்னாலோ பின்னாலோ. அன்றைக்கு மருதானையில் நீங்கள் பேப்பரை விளையாட்டுப் பக்கம் வரை படித்து முடித்துவிடலாம்.

சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தண்டவாளத்திலும் மெல்லிய மின்னோட்டம் விட்டிருப்பார்கள். ரயில் அந்தத் துண்டுக்குள் வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், மின்னோட்டம் அச்சு வழியே குறுக்கே பாய்ந்து மறுமுனைக்குப் போய்ச்சேராது, பின்னால் இருக்கும் விளக்கு தானாகவே சிவப்பாகும். ஒரு துண்டில் ஒரு ரயில்தான். இந்தத் தகவல் எல்லாம் மருதானையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே ஒரு பெரிய பலகையில் கொழும்பைச் சுற்றியுள்ள பாதைகள் கோடுகளாக வரைந்திருக்கும், ரயில் நிற்கும் இடத்தில் விளக்கு எரியும். மாமா ஒருமுறை கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டினார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கேரம் போர்டு மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். “இதிலே ஸ்ட்ரைக்கரைக் கையாலே தொட முடியாது, அதுதான் கஷ்டம்” என்றார்.

இப்படிக் கட்டியமைத்ததால் பெருமழைக்குத் தண்டவாளம் தண்ணீருக்குள் போனால் துண்டுகள் எல்லாம் குழம்பும். பழுது என்றால் பச்சை காட்டக் கூடாது, சிவப்புதான் காட்ட வேண்டும் என்பது சிக்னலின் முதல் விதி. அதனால் மழை நாளில் எல்லாம் சிவப்பு. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பிழை என்று வந்தால் நிற்கும் பக்கம் தவறுவதே நல்லது. மலையகப் பாதையில் இன்னும் வேறு முறை. ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததுக்குப் போக டிரைவரின் கையில் ஒரு வட்டு இருக்க வேண்டும், வளையத்தில் கட்டி ஓடும் ரயிலுக்கே நீட்டுவார்கள். கொழும்பின் நெரிசலுக்கு அது தாங்காது.

அந்தக் கட்டுப்பாட்டு அறையை நினைத்தால் 2004 டிசம்பர் 26தான் எனக்கு நினைவுக்கு வரும். காலை ஏழு மணிக்குச் சற்று முன் கோட்டையிலிருந்து மாத்தறை ரயில் புறப்பட்டது. ஞாயிறு, போயா, நத்தார் விடுமுறை என்று பெட்டிகள் நிறைந்து போயின. கடல் பொங்குகிறது என்ற செய்தி வந்ததும் மருதானையிலிருந்து கரையோரப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த எட்டு ரயில்களை நிறுத்தினார்கள். இந்த ஒன்றை மட்டும் எட்டமுடியவில்லை. அம்பலாங்கொடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கிருந்த எல்லாரும் மேடையில் அந்த ரயிலோடே வேலையாக இருந்ததால் மணியை எடுக்க ஆளில்லை. எடுத்தபோது ரயில் போய்விட்டது. பெரேலியவில் அலை அதை அடித்துப் புரட்டியது. இறந்தவர்கள் 1,700க்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரயில் ஓட்டம் என்பது கடைசியில் ஒரு செய்தி உரிய நேரத்தில் உரிய ஆளுக்குப் போய்ச்சேர்வதுதான் என்று மாமா சொல்லுவார். அன்று அது போய்ச்சேரவில்லை.

போர்க்காலத்தை நீங்கள் சின்னப் பிள்ளையாக வவுனியாவில் பார்த்திருப்பீர்கள். இங்கே அது வேறு விதமாக இருந்தது. 1996 ஜூலை 24 மாலை, ஒபிஸ் விட்டு வீடு போகிறவர்கள் நிறைந்திருந்த ரயிலில் தெஹிவளையில் குண்டு வெடித்து அறுபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2008 பெப்ரவரி 3ஆம் திகதி கோட்டை நிலையத்துக்குள்ளேயே தற்கொலைக் குண்டு. பேஸ்போல் ஆடிவிட்டு வந்த பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களின் பயிற்றுநரும் செத்தவர்களில் இருந்தார்கள். அந்த வருடங்களில் வாசலில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பிறந்த ஊரைச் சொல்லி உள்ளே போக வேண்டும். பெட்டிக்குள் அடுத்தவர் பக்கத்தில் வைக்கும் பையை எல்லாரும் பார்ப்போம். பார்க்காத மாதிரி பார்ப்போம். அதே பெட்டியில் வழக்கமாகக் காசு வைக்காமல் சீட்டாடும் எங்கள் கூட்டத்தில் மூன்று சிங்களவர், ஒரு முஸ்லிம், நான். மடியில் பேப்பரை விரித்து ஆட்டம். குண்டு வெடித்த மறுநாளும் ஆடினோம், பேச்சுத்தான் குறைவு.

ரயில்களுக்குப் பெயர் வந்த கதையும் ஒபிஸ் ரயிலோடு ஒட்டியதுதான். 1949இல் இலங்கையர் ஒருவர், பி. டி. ரம்பல, முதன்முதலாகத் தலைமை இயந்திரப் பொறியியலாளராகவும் பின்னர் பொது முகாமையாளராகவும் வந்தார். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியதும், யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி என்று பெயர்கள் வந்ததும், கொழும்புக்கு வண்ண விளக்குச் சிக்னல் வந்ததும் அவர் காலத்தில். கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். அல்பேர்ட்டாவும் ஒன்டாரியோவும் பதுளை மலை ஏறின. அந்த ரகத்து எஞ்சின்கள் அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடின. உத்தியோகபூர்வமாக நாம் இன்னும் புகையிரதம் என்றுதான் எழுதுகிறோம். நிலக்கரி போய்விட்டதே என்று சிரிக்காதீர்கள், மருதானை மேடையில் ஒரு டீசல் எஞ்சின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் பெயர் பொருத்தம்தான் என்று ஒத்துக்கொள்வீர்கள்.

ஏன் திருத்தவில்லை என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மின்சார ரயில் பேச்சு என் அப்பா காலத்திலேயே இருந்தது. என்னைக் கேட்டால், மின்சாரத்தால் புகை குறையும், வேகம் எடுப்பதும் கூடும், ஆனால் மதகு அகலாது. அகலமாக்க நிலம் வேண்டும். ஒரு பக்கம் சந்தையும் வீதியும், மறுபக்கம் வாவி. மலபேயிலிருந்து கோட்டைக்குத் தூண்களின் மேல் இலகு ரயில் விட ஜப்பானின் கடனோடு ஒரு திட்டம் வந்தது. அதை 2020இல் இரத்துச் செய்தார்கள். களனிவெளிப் பாதை 1990களில் அகலப் பாதையானது, ஆனால் இன்றும் தனிப்பாதைதான், நுகேகொடை, மஹரகம என்று நகரத்தின் வீதிகளையெல்லாம் கடந்து நெளிந்து வருகிறது. டிக்கட் விலை பஸ்ஸைவிடக் குறைவு என்பதால் கூட்டம் மட்டும் குறைந்ததில்லை. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் கார் வைத்திருந்தவர்களும் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வங்கி மனேஜர் முதல் நாள் சீசன் டிக்கட் எங்கே எடுப்பது என்று என்னிடம் கேட்டார்.

என் கருத்துக்கு, கோட்டையை நோக்கி எல்லாரையும் இழுப்பதைக் குறைக்காமல் இந்தச் சிக்னல் பச்சையாகாது. பெரிய கந்தோர்கள் பல பத்தரமுல்லைக்குப் போனபோது ரயில் பாதை அவற்றோடு போகவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் இன்றும் கோட்டையிலோ மருதானையிலோ இறங்கி பஸ் பிடிக்கிறார்கள்.

கடைசியாக உங்களுக்கு உபயோகமானது. உங்கள் கந்தோர் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரிப் பக்கமோ பொரளைப் பக்கமோ என்றால் கோட்டை வரை காத்திருக்கவே வேண்டாம், மருதானையில் இறங்கி நடந்துவிடுங்கள். காலிமுகத்திடலை ஒட்டி என்றால் கோட்டையில் இறங்கிக் கூட்டத்தோடு மேம்பாலம் ஏறாமல் அதே ரயிலில் அடுத்த தரிப்பிடத்துக்குப் போங்கள், செக்கரட்டேரியட். ஆனால் உங்கள் ரயில் கரையோரம் போகிறதா என்று ராகமயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டையில்தான் இறங்க வேண்டுமென்றால், மேம்பாலப் படி எந்தப் பெட்டிக்கு நேரே வருகிறது என்று இரண்டு நாள் கவனித்துப் பார்த்து, மூன்றாம் நாளிலிருந்து ராகமயில் அந்தப் பெட்டியில் ஏறுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நிற்கும். அவர்களும் அதைக் கண்டுபிடித்தவர்கள்தான், ஒதுங்கி இடம் தருவார்கள்.